டிரம் சாம்ப்ளரை ஒவ்வொரு மைக்காக பௌன்ஸ் செய்தால் கிக் ஏன் மெலிகிறது?

#1 (கேட்டவர்) · மார்ச் 3, இரவு 9:12

டிரம் பார்ட்டை மிடியில் (எந்த அடி எப்போ, எவ்வளவு பலமாங்கிற குறிப்பு மட்டும், சத்தம் இல்லை) முழுசா எழுதி முடிச்சாச்சு. மிக்ஸுக்கு ஆடியோ வேணும். அந்தக் குறிப்புக்குப் பதிவான டிரம் அடிகளை ஒலிக்கிற சாம்ப்ளரோட உள் மிக்ஸரில் கிக் மைக்கை மட்டும் சோலோ போட்டு ஒரு பௌன்ஸ் (ஆடியோ கோப்பா எடுக்கறது), அடுத்து ஸ்னேர், அடுத்து ஹேட், டாம், ஓவர்ஹெட், ரூம்னு எட்டு தடவை எடுத்தேன். எல்லாத்தையும் ஒரே புராஜெக்டில் அடுக்கிக் கேட்டா கிக் மெலிஞ்சு கிடக்குது, ஸ்னேர் சில அடியில கனமாவும் சில அடியில குழாய்க்குள்ள அடிச்ச மாதிரியும் வருது. எட்டு தடவையும் ஒரே மிடி, ஒரே கிட், ஒரே டெம்போ. அப்போ அதே சத்தம்தானே வரணும்? மல்டி அவுட் ரூட்டிங் (ஒவ்வொரு மைக்கையும் தனித்தனி அவுட்டுக்கு அனுப்பறது) தேவையில்லாத வேலைன்னுதான் இவ்வளவு நாளும் நினைச்சிட்டிருக்கேன்.

#2 · மார்ச் 3, இரவு 10:05

அதே சத்தம் வராது. மிடி ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு பாஸிலும் (பாட்டை ஒருமுறை ஓடவிடுவது) சாம்ப்ளர் எடுக்கும் அடி வேறு. ஒரே வெலாசிட்டிக்கு (அடியின் பலத்துக்கு) நாலைந்து, சில லைப்ரரியில் பத்துக்கும் மேல், தனித்தனியாக அடித்துப் பதிவு செய்த சாம்பிள்கள் இருக்கும். அவற்றை மாற்றி மாற்றி எடுப்பதுதான் ரவுண்ட் ராபின். மெஷின் துப்பாக்கி போல ஒரே அடி திரும்பத் திரும்பக் கேட்காமல் இருப்பது அதனால்தான்.

இப்போது உங்கள் பௌன்ஸைப் பாருங்கள். ஸ்னேர் மைக்கைச் சோலோ போட்ட பாஸில் இரண்டாம் பீட்டுக்கு மூன்றாவது சாம்பிள் வந்திருக்கும். ஓவர்ஹெட்டைச் சோலோ போட்ட பாஸில் அதே பீட்டுக்கு ஐந்தாவது சாம்பிள். கிட்டுக்கு மேலே வைக்கும் ஓவர்ஹெட் என்பது சிம்பலுக்கு மட்டும் உள்ள மைக் இல்லை, ஸ்னேரின் உடம்பில் பாதி அதற்குள்தான் இருக்கிறது. ஆக, ஒரே பீட்டில் இரண்டு வெவ்வேறு அடிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. தொடக்கம் இம்மியளவு தள்ளியிருக்கும், சுருதி ஒரு இழை மாறியிருக்கும். சில அடியில் கூடும், சில அடியில் வெட்டிக்கொள்ளும். நீங்கள் கேட்பது அதைத்தான்.

எல்லா மைக்கும் ஒரே பாஸில் பதிவாக வேண்டும். மல்டி அவுட் ரூட்டிங் இருப்பதே அதற்காகத்தான்.

#3 · மார்ச் 3, இரவு 10:31

சோதித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். சாம்ப்ளரின் ஸ்டீரியோ மெயின் அவுட்டை இரண்டு தடவை பௌன்ஸ் எடுங்கள். இரண்டையும் அடுத்தடுத்த ட்ராக்கில் ஒரே இடத்தில் வைத்து, ஒன்றின் பொலாரிட்டியைத் (அலையின் மேல்-கீழ் திசையை) திருப்புங்கள். முழு நிசப்தம் என்றால் இரண்டு பாஸும் ஒன்றே. ஏதாவது கேட்டால் #2 சொன்னது உங்கள் சாம்ப்ளருக்குப் பொருந்தும். வரிசைச் சுழற்சி வைத்திருக்கும் சில சாம்ப்ளர்கள், நிறுத்தி மறுபடி தொடங்கும்போது முதல் சாம்பிளுக்கே திரும்பிவிடும். அவற்றில் நிசப்தம் வரலாம். குலுக்கல் முறையில் எடுப்பவற்றில் வராது.

#4 (கேட்டவர்) · மார்ச் 4, காலை 7:48

செஞ்சு பார்த்தேன். கிக் கிட்டத்தட்ட மறையுது, ஸ்னேரும் ஹேட்டும் நல்லாவே கேக்குது. சரி, ஒத்துக்கிறேன். நான் வேலை செய்யற ரீப்பர் மென்பொருளில் மல்டி அவுட் எப்படிப் போடணும்? சாம்ப்ளரில் 16 ஸ்டீரியோ அவுட் இருக்கு.

#5 · மார்ச் 4, காலை 9:20

இரண்டு பக்கமும் வேலை இருக்கிறது. பலர் ஒரு பக்கத்தை மட்டும் செய்துவிட்டு சத்தம் வரவில்லை என்பார்கள்.

முதலில் சாம்ப்ளருக்குள். அதன் மிக்ஸரில் ஒவ்வொரு சேனலுக்கும் கீழே அவுட்புட் தேர்வு இருக்கும். கிக் 1/2, ஸ்னேர் 3/4, ஹேட் 5/6, டாம்கள் 7/8, ஓவர்ஹெட் 9/10, ரூம் 11/12 என்று வையுங்கள். சில சாம்ப்ளர்களில் எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் பிரிக்கும் 'மல்டிசேனல்' தேர்வு உண்டு. பயன்படுத்தலாம், ஆனால் எது எங்கே போனது என்று ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ரீப்பரில். எஃப்எக்ஸ் (எஃபெக்ட்) ஜன்னலில் சாம்ப்ளரின் பெயர்மேல் வலது கிளிக் செய்தால் 'பில்ட் மல்டிசேனல் ரூட்டிங்' என்று ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினால் ட்ராக்கின் சேனல் எண்ணிக்கையை உயர்த்தி, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு ட்ராக்கும் ரிசீவும் (அந்த ஒலியை வாங்கும் இணைப்பு) போட்டுக் கொடுத்துவிடும். 16 ஜோடிக்கு 16 ட்ராக் வரும், வேண்டாததை அழித்துவிடலாம்.

அடுத்ததுதான் முக்கியம். சாம்ப்ளர் இருக்கும் மூல ட்ராக்கின் மாஸ்டர் சென்ட் (இறுதி மிக்ஸுக்குப் போகும் வழி) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது திறந்திருந்தால் 1/2-இல் உள்ள கிக், ஒருமுறை மூல ட்ராக் வழியாகவும் இன்னொருமுறை கிக் ட்ராக் வழியாகவும் மாஸ்டருக்குப் போகும். அப்படியே இரட்டித்தால் 6 டெசிபல் கூடும். கிக் ட்ராக்கில் பின்னால் எஃப்எக்ஸ் ஏதாவது போட்டால், இரண்டு வழியும் வேறு வேறு சத்தமாகி ஒன்றையொன்று குழப்பும்.

பதிவுக்கு: ஒவ்வொரு ரிசீவ் ட்ராக்கையும் ஆர்ம் செய்து (பதிவுக்குத் தயாராக்கி), ரெக்கார்ட் மோடை 'இன்புட்' என்பதிலிருந்து 'அவுட்புட்' என்று மாற்றுங்கள். அதில் ஸ்டீரியோ, மோனோ இரண்டும் உண்டு. லேட்டன்சி (தாமதம்) ஈடுகட்டிய வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. எல்லாம் ஆர்ம் ஆனபின் ஒரே ஒரு பாஸ்.

#6 · மார்ச் 4, காலை 11:02

#5-க்கு ஒட்டு. மற்ற மென்பொருள்களில் இருப்பவர்களுக்கு:

லாஜிக்கில் சாம்ப்ளரை ஏற்றும்போதே 'மல்டி அவுட்புட்' வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்டீரியோ வகையை ஏற்றிவிட்டுத் தேடினால் மற்ற அவுட்டுகள் தென்படாது. பிறகு மிக்ஸரில் அந்தச் சேனலின் கீழே உள்ள சிறிய கூட்டல் குறியை அழுத்த அழுத்த ஒவ்வொரு ஆக்ஸாக (துணைச் சேனலாக) வரும்.

ஏபிள்டன் லைவில் புது ஆடியோ ட்ராக் போட்டு, 'ஆடியோ ஃப்ரம்' பெட்டியில் சாம்ப்ளர் ட்ராக்கையும் அதன் கீழ்ப் பெட்டியில் 3/4, 5/6 போன்ற ஜோடியையும் தேர்ந்தெடுக்க வேண்டும். மானிட்டர் 'இன்' என்று இருந்தால்தான் பதிவு செய்யாதபோதும் கேட்கும். ஒரே நேரத்தில் பல ட்ராக்கை ஆர்ம் செய்ய கன்ட்ரோல் விசையை (மேக்கில் கமாண்ட்) அழுத்திக்கொண்டு சொடுக்குங்கள்.

கியூபேஸில் இன்ஸ்ட்ருமென்ட் பட்டியலில் 'ஆக்டிவேட் அவுட்புட்ஸ்'. எஃப்எல் ஸ்டூடியோவில் பிளகின் அமைப்புகளில் 'ப்ராசஸிங்' தாவல், அதில் 'ஆட்டோ மேப் அவுட்புட்ஸ்'. ஆனால் அதை அழுத்துவதற்கு முன் சாம்ப்ளரை ஏதாவது ஒரு மிக்ஸர் ட்ராக்குக்கு அனுப்பியிருக்க வேண்டும், அவுட்டுகள் அந்த ட்ராக்கிலிருந்து வரிசையாக விரியும். அந்த வரிசையில் ஏற்கெனவே பாடகர் குரல் இருந்தால் ஹேட் போய் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். ப்ரோ டூல்ஸில் ஆக்ஸ் ட்ராக்கின் இன்புட்டில் 'பிளகின்' பட்டியலைப் பாருங்கள்.

#7 (கேட்டவர்) · மார்ச் 4, மாலை 6:15

ரூட்டிங் வந்திருச்சு, ஒரே பாஸில் பதிவும் ஆச்சு. ஸ்னேர் இப்போ கெட்டியா நிக்குது. ஆனா மொத்தமா கேட்டா சாம்ப்ளரின் ஸ்டீரியோ அவுட்டில் இருந்த அந்த அடர்த்தி இல்லை. வறண்டு போன மாதிரி இருக்கு. இன்னும் ஏதோ தப்பா?

#8 · மார்ச் 4, இரவு 8:40

தப்பு இல்லை. சாம்ப்ளரின் உள் மிக்ஸரில் மாஸ்டர் சேனல் ஒன்று இருக்கும், அதில் பிரீசெட்டோடு வந்த கம்ப்ரஸர் (பெரிய சத்தத்தை அமுக்குவது), டேப் சாச்சுரேஷன், லிமிட்டர் ஏதாவது இருக்கும். சேனல்களை 3/4, 5/6 என்று பிரித்த கணமே அவை அந்த மாஸ்டரைத் தாண்டி வெளியே வந்துவிடுகின்றன. ரிவெர்ப் பஸ் (எதிரொலிக்கான பொதுச் சேனல்) இருந்தால் அதுவும் தனியாக ஒரு அவுட்டுக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் 1/2-இலேயே தங்கி, கிக் ட்ராக்கில் கிட் முழுவதின் ரிவெர்ப்பும் பதிவாகும். இதை ஒருமுறை தனியாகக் கேளுங்கள். கிக் ட்ராக்கைச் சோலோ போட்டால் பின்னால் ஸ்னேரின் வால் கேட்கிறதா?

ஓர் அவுட் காலியாக இருக்கும்போது 1/2-இல் எதையும் வைக்காமல் விட்டுவிடுவது என் தேர்வு. கிக்கை 3/4-இல் தொடங்குங்கள். எங்கேயும் ஒதுக்காத எல்லாக் குப்பையும் 1/2-இல் வந்து விழும், அது தனி ட்ராக்கில் விழுந்தால் கண்ணில் படும்.

அடுத்த கேள்வி, ப்ரீ ஃபேடரா போஸ்ட் ஃபேடரா. சில சாம்ப்ளர்களில் தனி அவுட்டுக்கு இந்த இரண்டு தேர்வும் உண்டு. ப்ரீ என்றால் உள் மிக்ஸரின் ஃபேடர் அளவு அவுட்டில் பிரதிபலிக்காது. ரூம் மைக்கை உள்ளே 12 டெசிபல் குறைத்து வைத்திருந்தாலும் வெளியே முழு அளவில் வரும். பிரீசெட்டின் சமநிலை பிடித்திருந்தால் போஸ்ட். முதலிலிருந்து மிக்ஸ் செய்வதாக இருந்தால் ப்ரீ, கூடவே உள் எஃப்எக்ஸ் எல்லாம் அணை.

#9 · மார்ச் 5, காலை 6:55

#2-இல் ஒரு திருத்தம் வேண்டும். ஒரே பாஸ்தான் வழி என்பது முழு உண்மை இல்லை. மைக்கைச் சோலோ போட்டுப் பல பாஸ் எடுப்பதுதான் கெடுதி. வாத்தியத்தைப் பிரித்துப் பல பாஸ் எடுத்தால் கெடாது.

அதாவது, மற்ற நோட்டுகளை மியூட் செய்துவிட்டு கிக் நோட்டுகளை மட்டும் ஓடவிட்டு, எல்லா மைக்கும் திறந்த நிலையில் பௌன்ஸ் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிக்கின் அருகு மைக், ஓவர்ஹெட், ரூம் எல்லாமே ஒரே அடியிலிருந்து வந்தவை. அடுத்த பாஸில் ஸ்னேர் மட்டும், அதன் எல்லா மைக்கோடும். இரண்டையும் கூட்டினால் எங்கேயும் மோதல் இல்லை, ஏனென்றால் ஒரு அடி ஒரு பாஸில் மட்டுமே இருக்கிறது.

#10 · மார்ச் 5, காலை 8:12

#9 சரி, ஆனால் இரண்டு விதிவிலக்கு. ரூம் சேனலில் உள்ளே கம்ப்ரஸர் ஓடினால் அது கிட் முழுவதும் சேர்ந்து வருவதற்குத்தான் பதில் சொல்லும். கிக்குக்குத் தனியாக, ஸ்னேருக்குத் தனியாக ஓடவிட்டுக் கூட்டினால் அதே சத்தம் வராது. கம்ப்ரஷன் கூட்டல் கணக்குக்குக் கட்டுப்படாது. இரண்டாவது, திறந்த ஹேட்டையும் மூடிய ஹேட்டையும் ஒருபோதும் வெவ்வேறு பாஸில் பிரிக்கக் கூடாது. மூடிய ஹேட் அடி வரும்போது திறந்த ஹேட்டின் வாலை வெட்டுவது சோக் குரூப். அது ஒரே பாஸுக்குள், ஒரே சாம்ப்ளருக்குள் மட்டும் வேலை செய்யும். பிரித்தால் திறந்த ஹேட் ஒலித்துக்கொண்டே போகும்.

#11 · மார்ச் 5, காலை 8:30

#10-இன் இரண்டாம் பகுதியைத் தனியாகப் பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும். மிடியைச் சுருதி வாரியாகப் பிரிக்கும் கட்டளை பல மென்பொருள்களில் உண்டு. கியூபேஸில் 'டிஸால்வ் பார்ட்', லாஜிக்கில் 'செப்பரேட் பை நோட் பிட்ச்', ரீப்பரில் 'எக்ஸ்ப்ளோட் நோட் ரோஸ்'. மின் டிரம் கிட்டில் வாசித்த மிடியை இப்படிப் பிரித்தால் ஹேட் பாழாகும். காரணம் சிசி 4. பெடல் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது என்று 0 முதல் 127 வரை தொடர்ச்சியாகச் சொல்லும் கன்ட்ரோலர் அது. நோட் தனி ட்ராக்குக்குப் போய்விடும், சிசி 4 வேறு ட்ராக்கில் தங்கிவிடும். பிறகு ஹேட் எல்லாம் ஒரே திறப்பில் உறைந்துவிடும்.

சிம்பலைக் கையால் பிடித்து நிறுத்துவதும் அப்படியே. பல கிட்டுகளில் அது பாலிஃபோனிக் ஆஃப்டர்டச் செய்தியாக வருகிறது. மிடி இன்புட் ஃபில்டரில் ஆஃப்டர்டச் அணைந்திருந்தால் கிராஷ் நிற்காது.

#12 (வேறொரு வாசகர்) · மார்ச் 5, பகல் 1:20

கிக் சி1 என்று சாம்ப்ளர் சொல்கிறது. ரீப்பரின் பியானோ ரோலில் சி1 எழுதினால் சத்தமே இல்லை.

#13 · மார்ச் 5, பகல் 1:41

சி2 எழுதுங்கள். எழுத்துப் பெயரை நம்பாமல் எண்ணைப் பாருங்கள்: ஜெனரல் மிடி என்ற பொதுத் தரத்தில் கிக் 36, ஸ்னேர் 38, மூடிய ஹேட் 42, பெடல் ஹேட் 44, திறந்த ஹேட் 46, கிராஷ் 49, ரைடு 51. நோட் 60-ஐ சிலர் சி3 என்கிறார்கள், சிலர் சி4 என்கிறார்கள், எஃப்எல் ஸ்டூடியோ சி5 என்கிறது. அதனால் 36 என்பது கியூபேஸிலும் லைவிலும் சி1, ரீப்பரில் சி2, எஃப்எல்லில் சி3. ரீப்பரில் இந்தப் பெயரிடலை அமைப்புகளில் ஒரு ஆக்டேவ் நகர்த்திக்கொள்ளலாம்.

#14 (கேட்டவர்) · மார்ச் 5, இரவு 9:50

16 ஸ்டீரியோ அவுட் போதுமா? கிக்குக்கே உள் மைக், வெளி மைக், சப் மைக்னு மூணு. ஸ்னேருக்கு மேல், கீழ். டாம் நாலு.

#15 · மார்ச் 5, இரவு 10:25

ஒரு ஸ்டீரியோ ஜோடியில் இரண்டு மோனோ மைக் அனுப்பலாம். கிக் உள் மைக்கை முழு இடதுக்கும் வெளி மைக்கை முழு வலதுக்கும் பேன் செய்து இரண்டையும் 3/4-க்கு அனுப்புங்கள். வெளியே ஒரு ட்ராக் சேனல் 3-ஐ மட்டும் மோனோவாகவும் இன்னொன்று சேனல் 4-ஐ மட்டும் மோனோவாகவும் எடுத்துக்கொள்ளட்டும். 16 ஜோடி இப்படி 32 மோனோ ஆகிறது. ஓவர்ஹெட்டும் ரூமும் ஸ்டீரியோவாகவே இருக்கட்டும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேன் லா. சில சாம்ப்ளர்களில் நடுவில் இருக்கும்போது 3 டெசிபல் குறைத்து, ஓரத்துக்குத் தள்ளும்போது முழு அளவில் விடும். எல்லாவற்றையும் இப்படி ஓரம் தள்ளியபின் பழைய சமநிலை கொஞ்சம் மாறியிருந்தால் காரணம் அதுதான், ஃபேடரில் சரிசெய்துகொள்ளலாம்.

ஸ்னேரின் கீழ் மைக்கைத் தனியாக எடுத்தால் பொலாரிட்டியைக் கட்டாயம் பாருங்கள். மேல் தோல் உள்ளே போகும்போது கீழ்த் தோல் வெளியே வருகிறது, ஆகவே இரண்டு மைக்கும் எதிரெதிர். சில லைப்ரரிகள் திருப்பியே கொடுக்கும், சில கொடுக்காது. பொலாரிட்டிப் பொத்தானை அழுத்தி, எந்த நிலையில் அடி கனமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

#16 · மார்ச் 6, காலை 7:05

பொலாரிட்டி பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பதிவு செய்தபின் அலைவடிவைப் பெரிதாக்கிப் பார்த்து, ஓவர்ஹெட்டில் ஸ்னேர் தாமதமாக வருகிறது என்று இழுத்து முன்னால் ஒட்டுவார்கள். அது தாமதம் இல்லை, தூரம். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 2.9 மில்லிசெகண்ட் ஆகும். ஸ்னேருக்கு ஒட்டினால் கிக்கும் டாமும் ஓவர்ஹெட்டில் இடம் மாறும். ரூம் மைக்கை இழுத்தால் அறையே காணாமல் போகும். லைப்ரரியைப் பதிவு செய்தவர்கள் மைக் வைத்த இடத்துக்குக் காரணம் இருக்கிறது, அதை அப்படியே விடுங்கள்.

ஆனால் ரூட்டிங் கோளாறால் வரும் தாமதம் வேறு. ஒரே சத்தம் இரண்டு வழியில் வந்து ஒன்று 1 மில்லிசெகண்ட் பிந்தினால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும். குழாய்ச் சத்தம் அதன் அடையாளம்.

#17 · மார்ச் 6, பகல் 12:30

ரெக்கார்ட் பட்டனை அழுத்துவதற்கு முன்:

மிடியை முதல் பாரின் முதல் டிக்கில் தொடங்காதீர்கள். இரண்டு பார் தள்ளித் தொடங்குங்கள். நேரம் திருத்திய அடி சற்று முன்னால் விழுந்திருந்தால் புராஜெக்ட் தொடக்கத்துக்கு முன் போய் முதல் கிக் விடுபட்டுவிடும். கடைசியில் கிராஷ் வாலுக்கு 8, 10 செகண்டாவது கூடுதலாக ஓடவிடுங்கள். ரூம் மைக்கின் வால் அருகு மைக்கைவிட நீளும்.

சாம்ப்ளரின் உள் க்ரூவ் பிளேயர் அணைந்திருக்க வேண்டும். க்ரூவை ட்ராக்குக்கு இழுத்துப் போட்டபின்பும் உள்ளே அது ஹோஸ்ட் டெம்போவோடு ஓடிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு அடியும் இரண்டாக வரும்.

சாம்பிள்களை வட்டிலிருந்து ஓட ஓடப் படிக்கும் அமைப்பு இருந்தால், பதிவின்போது எல்லாவற்றையும் நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். பஃபரை (கணினி ஒரே தடவையில் கையாளும் ஒலித்துளிகளின் எண்ணிக்கை) 1024-க்கு உயர்த்துங்கள், இப்போது யாரும் நேரடியாக வாசிக்கவில்லை, லேட்டன்சி பொருட்டில்லை. வாசித்துப் பதிவு செய்யும்போதுதான் 64 அல்லது 128 வேண்டும்: 48 கிலோஹெர்ட்ஸில் 128 ஒலித்துளி என்பது 2.7 மில்லிசெகண்ட், 512 என்றால் 10.7. பத்தைத் தாண்டினால் ஸ்னேரின் மெல்லிய கோஸ்ட் நோட்டுகளைக் கை சரியாக வைக்காது. மாஸ்டரில் லுக்அஹெட் லிமிட்டரோ லீனியர் ஃபேஸ் ஈக்யூவோ இருந்தால் அதையும் அணையுங்கள், பஃபர் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அவை தாமதத்தைக் கூட்டும்.

#18 (கேட்டவர்) · மார்ச் 6, இரவு 7:44

நிகழ்நேரத்தில் பாட்டு முழுக்க ஓடவிட்டுத்தான் பதிவு செய்யணுமா? ஸ்டெம் ரெண்டர் (ஒவ்வொரு ட்ராக்கையும் மென்பொருளே தனிக் கோப்பா எடுக்கறது) வேகமா முடியுமே.

#19 · மார்ச் 6, இரவு 8:58

ரெண்டர் செய்யலாம், மென்பொருள் எல்லா ஸ்டெமையும் ஒரே ஓட்டத்தில் எடுக்கிறது என்று உறுதியானால். சில அமைப்புகளில் ஸ்டெம் ஒவ்வொன்றுக்கும் பாட்டை முதலிலிருந்து ஓட்டும். அப்படியானால் #1-இல் நீங்கள் கையால் செய்த அதே பிழையை மென்பொருள் தானாகச் செய்கிறது.

கண்டுபிடிக்க வழி: ஸ்னேர் அவுட்டை ஒரு ட்ராக்குக்குப் பதில் இரண்டு ட்ராக்குக்கு அனுப்புங்கள். இரண்டையும் ஸ்டெமாக ரெண்டர் செய்யுங்கள். ஒன்றின் பொலாரிட்டியைத் திருப்பிக் கூட்டுங்கள். நிசப்தம் என்றால் ஒரே ஓட்டம். சத்தம் கேட்டால் வேறு வேறு ஓட்டம், நிகழ்நேரப் பதிவே கதி. ஸ்னேரை எடுக்கச் சொல்வது ரவுண்ட் ராபின் அதில்தான் அதிகம் என்பதால். கிக்கில் சோதித்தால் ஏமாறலாம், #4-இல் அவருடைய கிக் கிட்டத்தட்ட மறைந்ததைப் பார்த்தோமே.

#20 · மார்ச் 6, இரவு 9:30

#19-இல் சேர்க்க: வரிசைச் சுழற்சி சாம்ப்ளரில் இந்தச் சோதனை, ஓட்டம் வேறானாலும் நிசப்தம் காட்டக்கூடும். அங்கே கவலையும் இல்லை, அடிகள் ஒன்றேதான். ஆனால் ஹ்யூமனைஸ் பொத்தான் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், அது நேரத்தையும் வெலாசிட்டியையும் ஒவ்வொரு ஓட்டத்திலும் குலுக்கும்.

#21 (கேட்டவர்) · மார்ச் 7, காலை 10:10

சோதிச்சேன், நிசப்தம் வரல. நிகழ்நேரத்திலேயே எடுத்தேன். 10 மோனோ ட்ராக், 2 ஸ்டீரியோ. இப்போ ஓவர்ஹெட் ஃபேடரை ஏத்தினா ஸ்னேர் வளருது, முன்ன அது சுருங்கும். ஸ்னேர் மட்டும் சிவப்பு விளக்கு காட்டுது, 24 பிட்டில் பதிவு பண்ணேன். ஃபேடரை இறக்கினா போதுமா?

#22 · மார்ச் 7, காலை 10:36

போதாது. 24 பிட் கோப்பில் 0 டெசிபலைத் தாண்டியது வெட்டுப்பட்டதுதான், ஃபேடர் இறக்கினால் வெட்டுப்பட்டது சிறியதாகக் கேட்கும், அவ்வளவே. சாம்ப்ளருக்குள் எல்லா ஃபேடரையும் ஒரே அளவில், சொல்லப்போனால் 8 டெசிபல், இறக்கிவிட்டு மறுபடி எடுங்கள். உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் இடையில் நின்றால் நல்லது. அல்லது 32 பிட் ஃப்ளோட்டில் பதிவு செய்யுங்கள், அதில் 0-ஐத் தாண்டியதும் உள்ளே பத்திரமாக இருக்கும், பிறகு இறக்கிக்கொள்ளலாம். இட விஷயம் கேட்டால்: 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் மோனோ நிமிடத்துக்கு 8.64 எம்பி. உங்கள் 10 மோனோ, 2 ஸ்டீரியோ என்றால் 14 மோனோவுக்குச் சமம், 4 நிமிடப் பாட்டுக்கு 484 எம்பி. ஃப்ளோட்டில் 645.

ஸ்னேரை மட்டும் மறுபடி எடுக்காதீர்கள். 12 ட்ராக்கும் மறுபடி.

#23 (கேட்டவர்) · மார்ச் 7, காலை 11:52

12-உம் எடுத்தாச்சு, ஃப்ளோட்டில். மூல மிடி ட்ராக்கையும் சாம்ப்ளரையும் அழிக்காம ஆஃப்லைன்ல போட்டு வச்சிருக்கேன்.